தாய்மாமன் அனுப்பிய கோணல் முத்து

கோட்டைக்குப்பம்,
பங்குனி மாதம் பதினான்காம் நாள்

தூத்துக்குடி முத்துக்குளிப்பில் தோணி ஓட்டிப் பெருவாழ்வு வாழும் மைத்துனர் ராஜவேலு அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை அங்காளம்மாளின் புருஷன் தெய்வசிகாமணி தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், தங்கள் தங்கையும், என் மகள் குணசுந்தரியும் ஆத்தா புண்ணியத்தில் சுகம். தாங்கள் அனுப்பிய முத்துக்குத்தான் சுகமில்லை.

"விலைமதிப்பில்லாத முத்து, தாய்மாமன் சீராக வைத்துக்கொள்ளவும்" என்று சொல்லி அனுப்பினீர்கள். நானும் நம்பி, மாமன் சீரில் உருண்டை முத்து இல்லாமல் தன் பிள்ளை தாலி கட்டமாட்டான் என்று முறுக்கிக்கொண்டிருந்த சம்பந்தி பூபதியை ஏரிக்கு அக்கரைப் பசியாவரத்திலிருந்து படகு வைத்து அழைத்து வந்து, ஊரையும் கூட்டிவிட்டேன். முத்தைப் பித்தளைத் தாம்பாளத்தில் உருட்டிப் பார்ப்பதுதானே வழக்கம்? நல்ல உருண்டை நேரே ஓடும். தங்கள் முத்து நாலு விரற்கடை ஓடி, நின்று, யோசித்து, கள்ளுக்கடையிலிருந்து வருகிறவனைப் போல இடப்பக்கம் சாய்ந்து, சம்பந்தி மடியில் போய் விழுந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்து, "இன்னா சிகாமணி, முத்துக்குக் கூன் வுழுந்துருக்கு? உன் மச்சான் சிப்பியத் தொறந்தாரா, மிதிச்சாரா?" என்றார். ஊரே சிரித்தது. உருண்டை வராவிட்டால் கல்யாணமே இல்லை என்று எழுந்தும் போய்விட்டார். முகூர்த்தத்துக்கு இருபதே நாள்.

கோட்டைக் கடைத்தெருவில் முத்து மதிக்கும் சந்தியாகுவிடம் ஓடினேன். "முழு உருண்டைன்னா ஆணிமுத்து, அதுதான் ராஜா. முட்ட மாதிரி நீண்டா பாதி வெல. அடி தட்டையா இருந்தா கம்மல்ல பதிக்கலாம், கால் வெல. சொட்டு மாதிரி தொங்குனா அதே மாதிரி இன்னொண்ணு வேணும், ஒத்தைன்னா மூக்குல புல்லாக்குக்குத்தான்" என்றார். "அப்போ இது?" என்றேன். "இது எதுலயும் சேராது. வைத்தியர்கிட்ட குடு, பஸ்பத்துக்கு அரைப்பாரு." மச்சான், தாய்மாமன் சீரைத் தேனில் குழைத்து நக்கவா நான் பெண் பெற்றேன்?

மங்கிய முத்தைச் சேவலுக்கு ஊட்டி, உடனே அறுத்து எடுத்தால் பளபளப்பு வரும் என்பது முத்துக்காரர்கள் கைக்கொள்ளும் வழி. தங்கள் தங்கை அதற்கும் மேலே போனாள். "நான் அறுக்காத கோழியா? அது வயித்துல கெடக்குற கல்லு எல்லாம் உருண்டையாத்தான கெடக்குது? முத்தும் நாலு நாள் கெடந்தா உருளும்" என்றாள். புத்தி அவளுக்குப் பிறந்த வீட்டுச் சீதனம். அது எனக்கும் நியாயமாகப் பட்டதுதான் என் வயிற்றெரிச்சல். முத்தை விழுங்கிய சேவல் மூன்று நாளாகக் கூடைக்குள் இருக்கிறது. நான் ஏரிக்கு மீன்பிடிக்கப் போகாமல் அதன் பின்பக்கத்துக்குக் காவல் இருக்கிறேன்.

ஆகவே இது கண்டதும், நேராக ஓடும் யோக்கியமான முத்து ஒன்றை அடுத்த தோணியில் அனுப்பவும். என் மகள் கல்யாணம் நின்றால் அந்தப் பாவம் தங்கள் தலையில். தாங்கள் கூன் விழாத முதுகோடு நூறாண்டு வாழ ஆத்தாவை வேண்டும்,

தெய்வசிகாமணி

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது கோட்டை ஒல்லாந்தத் துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷ் கிருஷ்ணன் வந்தார். "கோணல் முத்து ஒண்ணு கீதாமே? தொரைக்கு வேணும். உருண்ட அவங்களாண்ட ஏகப்பட்டது கீது. கோணல்னா அத்த அன்னப்பட்சிக்கு வயிறா வெச்சு, தங்கத்துல எறக்க பண்ணுவாங்களாம். கேட்ட வெல குடுப்பாரு" என்றார். சேதி ஏரியைத் தாண்டிப் போக, சம்பந்தி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "கோணல் முத்து வந்தா கொலம் தழைக்கும்னு எங்க ஆயா அப்பவே சொல்லிச்சு" என்றார். சேவலை அறுத்தோம். முத்து இருந்தது. தேய்ந்து தேய்ந்து கடுகளவு. அப்பழுக்கில்லாத உருண்டை. தாம்பாளத்தில் நேரே ஓடியது. துபாஷ் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். கோணலாக வேறொன்று வரவழைத்தால்தான் கல்யாணம் என்றார் சம்பந்தி.

குணசுந்தரி உள்ளேயிருந்து வந்து, "நைனா, அன்னிக்கு உருண்ட கேட்டாரு, இன்னிக்குக் கோணல் கேக்குறாரு. நாளைக்கு என் மூஞ்சிய எந்த வடிவத்துல கேப்பாரோ? எனக்கு இந்தக் கண்ணாலம் வேணாம்" என்று அவர் எதிரிலேயே சொல்லிவிட்டு, சேவல் குழம்புக்கு மசாலா அரைக்க உட்கார்ந்துவிட்டாள். சத்தியமாக எனக்கு மனசு குளிர்ந்தது மச்சான். ஆகவே எந்த முத்தும் அனுப்ப வேண்டாம். மேலே தங்களைத் திட்டியிருக்கும் இடங்களில் எல்லாம் பூபதி என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். திரும்ப எழுதக் காகிதம் இல்லை.