பஜ்ஜியை விட்டவர்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவன் அருளால் இங்கே அனைவரும் சுகம். உங்கள் மச்சான் தேவைக்கு அதிகமாகவே சுகம். அவரைக் கண்டித்து நீங்கள் நாலு வரி எழுத வேண்டும்.

மூத்தவளுக்கு வரன் தள்ளிக்கொண்டே போனதால், இடம் அமையும்வரை என் வீட்டுக்காரர் தெருமுனைக் கடை பஜ்ஜியைத் தொடமாட்டார் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். “ஏன், நீ காபிய விட்டிருக்கலாமே?” என்றார். “காபி குடிக்காம எனக்குக் கும்பிடவே கை வராதுங்க” என்றேன். அந்தக் கடையின் மகிமை உங்களுக்குத் தெரியாது அண்ணா. வாடகைக்கு வீடு வேண்டுமா, வேலை வேண்டுமா, முறைத்துக்கொண்ட பங்காளிகள் சேர வேண்டுமா, எல்லாம் அந்த எண்ணெய்ச் சட்டியைச் சுற்றித்தான் முடியும். மனிதர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சம்மதித்தார். மாலையானால் கோயில் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புவார். பக்தி வந்துவிட்டதென்று நானும் பூரித்துப்போனேன்.

பிறகு ஒரு நாள் அந்தக் கடைக்கார அம்மாளே தன் பையனுக்கு நம் மூத்தவளைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். பையன் மருந்துக்கடையில் வேலை, தங்கமான குணம். தரகர்கூட இல்லாமல் வந்த இடம், சாமியே அனுப்பியது என்று உருகிவிட்டேன். அவர்கள் வீட்டுக்குப் போனால், சுடச்சுட பஜ்ஜித் தட்டு. வந்தவர்கள் முதல் ஈட்டுப் பஜ்ஜியில் கை நனைக்காமல் அவர்கள் வீட்டில் நல்ல பேச்சு எடுக்கமாட்டார்களாம். இவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, “வேணாங்க” என்றார். அந்த அம்மாளின் முகம் சுருங்கியது. “ஏங்க, எங்க சம்பந்தம் பிடிக்கலையா?” கூட வந்திருந்த மகள் என் காலை மிதித்தாள். “அவருக்கு வயிறு சரியில்ல” என்று மூடப் பார்த்தேன்.

“நேத்து நல்லாத்தானே இருந்தாரு? நின்னு நிதானமா ஒரு தட்டு முடிச்சாரே! தினமும் வந்து உங்க பொண்ணப் பத்தி இவர் சொல்லிச் சொல்லித்தானே நாங்களே கேட்டோம்!”

அவர் சட்டென்று ஒரு பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டார். வாய் நிறைய இருந்தால் பதில் சொல்ல வேண்டாமல்லவா! சம்பந்தம் நிச்சயமானது.

வீட்டு வரவு செலவு பைசா பிசகாமல் எழுதுகிற எனக்கு, இங்கேதான் கணக்கு இடிக்கிறது. வேண்டுதல் பலித்ததா, அதை மீறியது பலித்ததா? சாமிக்கு நன்றி சொல்லப்போய், மன்னிப்பும் கேட்டு, இரண்டும் குழம்பி, பேசாமல் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன். அவரைக் கேட்டால், “நான் பேசத்தான் போனேன், பஜ்ஜி தானா வந்துச்சு” என்கிறார். இனி அவர் எந்தக் கடைப் பக்கமும் தலைவைக்காதபடி நீங்கள்தான் எழுத வேண்டும்.

குழந்தைகளுக்கு ஆசி. ஆண்டவன் உங்கள் அனைவரையும், குறிப்பாக அண்ணியின் பொறுமையையும், காத்தருளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

பி.கு.: கண்டித்து எழுத வேண்டாம். சின்னவளும் படிப்பை முடித்துவிட்டாள். இந்தக் கடைக்கார அம்மாளுக்கோ ஒரே பிள்ளை. அதனால் இன்று மாலை, மழையென்றும் பாராமல், குடையைக் கொடுத்து அவரை ரயிலடி பஜ்ஜிக் கடைக்கு நானே அனுப்பிவைத்தேன்.