பூனைக்குப் போன வஞ்சிரம்

செபம் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "எல்லாம் வல்ல இறைவா" என்று தொடங்கினால் ஐந்து நிமிடத்துக்கு நிறுத்த மாட்டேன். (கேட்பவர்களுக்குத்தான் மூச்சு முட்டும்.) தொண்ணூற்றேழில் திருச்சியிலிருந்து சதுரங்கப்பட்டினத்துக்கு மருமகளாக வந்தபோது, நான் கொண்டுவந்த ஒரே திறமை அதுதான்.

கொண்டுவராதது, மீன் சாப்பிடும் பழக்கம். வாடை பட்டாலே குமட்டும். என் மாமியாரோ விடிந்ததும் கரைக்கே போய் வஞ்சிரம் வாங்கிவந்து, எனக்கென்று நடுத்துண்டாக எடுத்து வைப்பார். "பிடிக்காது அத்தை" என்று சொல்லத் தைரியமில்லை. ஆறு மாதமாகத் துண்டுகளைப் பின்வாசல் பூனைக்குப் போட்டுவிட்டு, "ருசியா இருந்துச்சு அத்தை" என்று வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு மாலை எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். தெருக்காரர்கள் எல்லாம் ஒரு வீட்டில் கூடிச் செபிப்பது. புதிதாக வந்திருந்த இளம் பங்குச்சாமியார், "அலங்காரமெல்லாம் வேணாம். மனசுல இருக்கறத அப்படியே ஆண்டவர்கிட்ட பேசுங்க. அவருக்குத் தெரியாததா?" என்றார்.

என் முறை வந்தது. கண்ணை மூடினேன். "எல்லாம் வல்ல..." அதற்குமேல் வரவில்லை. வேறு என்னவோ வந்தது.

"ஆண்டவரே, நான் பொய் சொல்லிக்கிட்டு இருக்கேன். அத்தை ஆசையா வைக்கிற மீனையெல்லாம் பூனைக்குப் போட்டுடறேன். சொன்னா என்னைப் பிடிக்காம போயிடுமோன்னு பயமா இருக்கு."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். என் கணவர் பாயில் கோரை கோரையாக எதையோ தேடிக்கொண்டிருந்தார். திருச்சிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

அடுத்த முறை அத்தையுடையது. கைகூப்பினார்.

"ஆண்டவரே, அந்தப் பூன இன்னாத்துக்கு இப்டி கொழுத்துகினு கீதுன்னு இப்பத்தான் புரியுது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அத்தை நிறுத்தவில்லை.

"சரி, நானும் சொல்லிட்றேன். வெள்ளிக்கெழமையானா இவ வெக்கிற சாம்பாரு எனக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குது. நல்லாக்கீது நல்லாக்கீதுன்னு நானும் பொய்தான் சொல்லிகினு கீறேன். ஊர வுட்டு வந்த பொண்ணு, மனசு நோவுமேன்னுதான். ரெண்டு பேரையும் மன்னிச்சிடுப்பா."

"ஆமென்!" என்று முதலில் கத்தியவர் சாமியார்தான்.

எல்லாரும் போனபின் அடுப்படியில் அத்தை என் பக்கம் திரும்பினார். "உனுக்கு இன்னாதான் புடிக்கும்?"

"முட்டைக் குழம்பு, அத்தை."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? வஞ்சிரத்தப் போயி பூனைக்கு..." என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு மட்டும் அழுகை வந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் நேரடியாகக் குறை சொல்வதில்லை, ஆண்டவர் வழியாகத்தான். போன வாரம்கூட என் மகள் தட்டின் முன் கைகூப்பி, "ஆண்டவரே, அம்மா உப்புமாவுல உப்பு போட மறந்துட்டாங்க" என்றாள்.

உள்ளறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது: "நான் சாட்சி, ஆண்டவரே!"