எட்டு லுங்கியும் ஜோலார்பேட்டை அண்டாவும்

ரயிலில் மூட்டைக்குத்தான் கட்டணம், உடம்பில் சுற்றியிருக்கும் துணிக்குக் கிடையாது. இந்த மகத்தான உண்மையை உலகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவன் நான்தான் என்று இருபத்தைந்து வயதில் எனக்குப் பெரிய நினைப்பு. பிளேக் நோய் பரவியிருந்த அந்தக் காலத்தில், ஜோலார்பேட்டையில் வைத்து அந்த நினைப்பை என் இடுப்பிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தெடுத்தார்கள்.

குடியாத்தத்தில் எங்கள் வீட்டுத் தறிகள் நான்கும் இரண்டு மாதமாகச் சும்மா கிடந்தன. நெய்த லுங்கிகளை வாங்க ஆளில்லை. ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்து வருகிறேன் என்று என் மனைவி தனத்திடம் மார்தட்டினேன். கையில் இருந்தது மூன்றாம் வகுப்பு டிக்கெட்டுக்கும் புளிச்சோற்றுக்கும் மட்டுமே காணும். அதனால் மாதிரிக்கு எடுத்த எட்டு லுங்கிகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு வண்டி ஏறினேன்.

நான் ஒல்லி. எட்டு கட்டியும் கொஞ்சம் செழிப்பான ஆளாகத்தான் தெரிந்திருப்பேன் (கண்ணாடி பார்க்காதவன் சொல்வது). ஆனால் உட்கார முடியவில்லை. சேலம் வண்டியில் ஓர் அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, "பாவம், வயிறு வீங்கிக் கெடக்குது, மகோதரம் போல இருக்குது, எடம் வுடுங்க" என்று எல்லோரையும் நகர்த்தினாள். நானும் வெட்கமில்லாமல் நோயாளி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அப்போதெல்லாம் மூன்றாம் வகுப்பில் கக்கூஸ் கிடையாது, ஸ்டேஷனில்தான் இறங்க வேண்டும். எட்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நகர்கிற வண்டியின் பின்னால் நான் ஓடிய ஓட்டத்தை இங்கே விவரிக்கப் போவதில்லை.

சேலத்திலும் ஈரோட்டிலும் ஒருவரும் வாங்கவில்லை. கடைசியில் பெங்களூரில் ஆம்பூர் கரீம் சாயபு அகப்பட்டார். தோல் வியாபாரி. அவருடைய தம்பி ரங்கூனில் லுங்கிக் கடை வைத்திருந்தார். சாயபு மேல் லுங்கியைத் தொட்டுப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்.

"சாயம் போவுமா, முதலியாரே?"

"கொலதெய்வத்து மேல சத்தியமா போவாது, சாயபு!"

உண்மை என்னவென்றால், அந்தச் சிவப்புச் சாயம் மெட்ராஸிலிருந்து டப்பாவில் வந்த புதுப் பொடி. அதில் தோய்த்த லுங்கி ஒன்றைக்கூட நாங்கள் அதுவரை துவைத்துப் பார்த்ததில்லை. பார்க்கப் பயம், அவ்வளவுதான்.

"சரி, நானும் இன்னிக்கு வண்டிலதான் ஊருக்குப் போறேன். ஆம்பூர்ல எறங்கி கடைக்கு வா. தண்ணியில போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அவர் இரண்டாம் வகுப்பில் ஏறினார். நான் மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டே, நான் சத்தியத்துக்கு இழுத்த அதே குலதெய்வத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

பெங்களூரிலிருந்து வருகிறவர்களை ஜோலார்பேட்டையில் இறக்கி, பிளேக் உண்டா என்று சோதிப்பார்கள். எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். சித்திரை வெயில், எட்டு லுங்கி, எனக்கு வேர்வை ஆறாக ஓடியது. டாக்டர் நாக்கைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார். பிறகு அவர் கை என் வலது இடுப்புக்குக் கீழே வந்து நின்றுவிட்டது. பிளேக் வந்தால் நெறி கட்டுகிற இடம் அதுதான். நான் எட்டு முடிச்சையும் போட்டிருந்த இடமும் அதுதான்.

"இங்க இன்னாய்யா இவ்ளோ பெரிய வீக்கம்? எத்தினி நாளா?"

"மூணு நாளா, சார்" என்றேன். (கட்டி மூன்று நாள் ஆயிற்றே!)

"வலிக்குதா?"

"ஒக்காந்தா வலிக்குது, சார்."

டாக்டர் இரண்டடி பின்வாங்கினார். எனக்குப் பின்னால் இருந்த வரிசை காணாமல் போனது. அடுத்த நிமிஷம் நான் தட்டி மறைப்புக்குள் இருந்தேன். சேவகன் ஒருவன் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு என் லுங்கியை அவிழ்த்தான். உள்ளே இன்னொன்று. அதையும் அவிழ்த்தான். உள்ளே மற்றொன்று.

"இன்னாய்யா நீ, மனுஷனா வெங்காயமா?" என்றார் டாக்டர்.

எட்டாவதும் போய்க் கோவணத்தோடு நின்றபோது வீக்கமும் போயிருந்தது. டாக்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அதற்குள் அவர் சேவகனைப் பார்த்து, "துணி எல்லாத்தையும் அண்டாவுல போடு" என்றார். மருந்துத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சந்தேகப்பட்டவன் துணியை அதில் முக்கியே தீர வேண்டுமாம், சட்டம்.

"ஐயோ சார், வேணாம் சார்! சாயம் போயிடும் சார்!"

நான் அலறியது தட்டிக்கு வெளியேயும் கேட்டிருக்க வேண்டும். திரும்பினால் தட்டிக்கு மேலே கரீம் சாயபுவின் முகம். பெங்களூரில் செய்த சத்தியமும் இப்போதைய அலறலும் அந்த முகத்தில் ஒன்றாகத் தெரிந்தன. பிளேக்கே வந்து என்னைக் கொண்டுபோயிருக்கலாம் என்று தோன்றியது.

எட்டும் அண்டாவுக்குள் போயின. நான்கு தறியும் அதோடு போய்விட்டதாகவே எனக்குத் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டேன். சேவகன் கழியால் கிண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் ஒவ்வொன்றாக வெளியே தூக்கிப் போட்டான்.

கஞ்சி முழுக்கப் போயிருந்தது. சிவப்பு அப்படியே இருந்தது. சாயபு உள்ளே வந்து ஒரு லுங்கியை எடுத்து, தன் வெள்ளைக் கைக்குட்டையை வைத்து அழுத்தித் தேய்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாளில் அப்போதுதான் முழுசாக உட்கார முடிந்தது. அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வது!

"நீ சொன்னது பொய். ஆனா சாயம் போவல" என்றார் சாயபு. "இருநூறு லுங்கி அனுப்பு. இனிமே சத்தியம் மட்டும் பண்ணாத, பேஜாரு. ஒண்ண வேவ வெச்சுக் காட்டு, போதும்."

ஆம்பூர் வரைக்கும் சாயபு கொடுத்த சால்வைதான் எனக்கு மானம் காத்தது. எட்டு லுங்கிகளும் மூன்றாம் வகுப்பு ஜன்னல்களில் பறந்துகொண்டே காய்ந்தன. வண்டியில் இருந்தவர்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள், புண்ணியவான்கள்.

எங்கள் லுங்கி வருஷக்கணக்காக ரங்கூன் போயிற்று. என் பேச்சுக்குத்தான் வீட்டில் மதிப்பில்லாமல் போனது. போன வாரம்கூட, வெல்லப் பானையை நான் தொடவே இல்லை என்று தனத்திடம் சத்தியம் செய்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அண்டாவ அடுப்புல ஏத்தட்டுமா?" என்றாள்.

இரண்டு கட்டி தின்றதை ஒப்புக்கொண்டேன்.