எவன் கொட்டுனான்?

சுங்கை வேயில் எங்கள் அடுக்குமாடியில் யாரையாவது குளவி கொட்டினால், முதலில் வக்கீல் வைக்க வேண்டியது குளவிதான். காரணம், தரைத்தளத்தில் இருந்த இன்ஸ்பெக்டர் அங்கிள். போலீசில் அவர் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை; டயர் கடை நடத்தி ஓய்ந்தவர். கேள்வி கேட்கும் தோரணைக்காக நாங்களாகக் கொடுத்த பதவி அது.

கார் நிறுத்துமிடத்து மாமரத்தில் குளவிகளும் தேனீக்களும் ஒற்றுமையாகக் குடியிருந்தன. கொட்டு வாங்கியவர்கள் அலறிக்கொண்டு அவர் வீட்டுக்குத்தான் ஓடுவார்கள். ஒரு கையில் வினிகர் பாட்டில், மறுகையில் ஆப்பச் சோடா டின்னோடு வாசலில் நிற்பார். குளவிக்கு வினிகர், தேனீக்குச் சோடா. மாற்றிப் போட்டால் விஷம் மண்டைக்கு ஏறும் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. குற்றவாளி யாரென்று உறுதியாகாமல் ஒரு சொட்டு மருந்து கிடைக்காது.

எனக்குக் காதில் கொட்டியபோது நானும் போனேன்.

"எவன் கொட்டுனான்?"

"தெரியல அங்கிள், வலிக்குது!"

"வலிக்கும் லா. இடுப்பு ஒல்லியா, குண்டா?"

"எனக்கா?"

"ஒனக்குத்தான் இடுப்பே இல்லையே! கொட்டுனவனுக்கு!"

தெரியாது என்றதும் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டி, "போய் ஆளப் பிடிச்சிட்டு வா" என்றார். போனேன். திரும்பி வந்தபோது பை காலி. இன்னொரு காதும் வீங்கியிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, "ரெண்டும் ஒரே ஆளு வேலைதான்" என்று தீர்ப்புச் சொல்லி வினிகரை ஊற்றினார். மறுநாள் ஆபீசில் என் மேஜைப் பக்கம் வந்தவர்களெல்லாம் ஊறுகாய் எங்கே என்று தேடினார்கள்.

அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காரில் ஏறப்போன என் மனைவி கமலாவைக் கழுத்தில் ஏதோ கொட்டியது. உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடிப்பு. "மூச்சு விட முடியலங்க" என்று கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்க தோஷம். காரில் கிடந்த பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்கு ஓடினேன்.

சத்தம் கேட்டு வந்த இன்ஸ்பெக்டர் அங்கிள் கமலாவின் முகத்தைப் பார்த்தார். பாட்டிலும் டின்னும் கீழே விழுந்தன.

"டேய், அங்க என்னடா பண்ற?"

"ஆளத் தேடுறேன் அங்கிள்!"

"எவன் கொட்டுனா என்னடா! காடிய ஸ்டார்ட் பண்ணு, ஆஸ்பத்திரிக்கு!"

வழியெல்லாம் அங்கிள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பேசாதமா, மூச்ச மட்டும் விடு" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. ஒரு கேள்விகூட இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அவசரப் பிரிவில் ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் கமலா நன்றாக மூச்சை இழுத்து விட்டாள். விட்ட மூச்சில் வந்த முதல் வார்த்தை, "பையத் தூக்கிட்டு எங்க ஓடுனீங்க?" திட்டு வாங்கி அவ்வளவு மகிழ்ந்த கணவன் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே வேறு எவனும் இருந்திருக்க மாட்டான்.

"சும்மா வலி, வீக்கம்னா சோப்பு போட்டுக் கழுவி ஐஸ் வைங்க, போதும்" என்றார் நர்ஸ். "மூச்சு முட்டுனா ஒடனே இங்க வந்துடணும்."

"அப்ப வினிகர்?" அங்கிள் மெதுவாகக் கேட்டார்.

"சாலட்டுக்கு நல்லாருக்கும், அங்கிள்."

மாலைவரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். திரும்பும் வழியில் கமலா பின்னிருக்கையில் தூங்கிப்போனாள். முன்னால் இருந்த அங்கிள் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் திரும்பி, அவள் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்தார். ஒருமுறை பச்சை விழுந்தும் அவர் திரும்பியபடியே இருந்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் பார்த்து முடிக்கட்டும் என்று நானும் நின்றேன்.