பிளாட்பாரத்தில் முடிந்த மோப்பம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து ஐம்பது. கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது, டோக்கன் அண்ணன் தெருவில் மண்டியிட்டு, நேற்று நான் கழற்றிப் போட்ட சாக்ஸை மூக்கில் வைத்து ஆழமாக முகர்ந்துகொண்டிருந்ததை. எதிரே ஒரு செவலை நாய் உட்கார்ந்து, அவரைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாண்ணா இது?"

"செஞ்சு காட்டினாத்தானே தம்பி அதுக்குப் புரியும்?"

கோலார் தங்கவயலில் யாராவது காணாமல் போனால் உற்சாகமாகிவிடுகிற ஒரே மனிதர் அவர்தான். சுரங்கம் ஓடிய காலத்தில் டோக்கன் ஆபீசில் வேலை. கீழே இறங்குகிறவருக்கு ஒரு பித்தளை வில்லை கொடுப்பார். ஏறி வந்ததும் வாங்கி ஆணியில் மாட்டுவார். ஷிப்ட் முடிந்தும் ஓர் ஆணி காலியாக இருந்தால் அவர் வீட்டுக்குப் போகமாட்டார். சுரங்கத்தை மூடினார்கள். அவரை மூட முடியவில்லை. கல்யாணப் பந்தியில் தலை எண்ணுவார். ஒருமுறை சர்ச்சில் போதகர் பிரசங்கத்துக்கு வாயைத் திறந்த நேரம் எழுந்து, "ஒரு ஆள் கொறையுது" என்றார். வெளியே பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தவர் உள்ளே வந்து உட்காரும்வரை பிரசங்கம் தொடங்கவில்லை.

நாய்க்கு அவர் வைத்த பெயர் மேனேஜர். "டேய் மேனேஜர், ஒழுங்கா மோந்து பாருடா!" என்று அவர் அதட்டும்போதெல்லாம் தெருவின் சுரங்கப் பென்ஷன்காரர்கள் வந்து நின்று ரசித்தார்கள். இரண்டு பேர், தாங்களும் ஒரு தடவை அதட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள்.

காரணம் மட்டும் வேடிக்கையில்லை. அண்ணனின் மாமனாருக்கு எண்பத்து மூன்று வயது. ஞாபகம் வந்து வந்து போகும். திடீரென்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார். கடைசியாகப் போனபோது, வேலி பிய்ந்த ஒரு பழைய ஷாப்டுக்கு, ஆழம் தெரியாத அந்தச் சுரங்கக் குழிக்கு, பத்தடி தள்ளிக் கிடைத்தார். பெங்களூரில் இருக்கும் அவர் மகன் முடிவாகச் சொல்லிவிட்டார்: மாதக் கடைசி ஞாயிறு வந்து அப்பாவை அழைத்துப் போவேன், நாலாவது மாடி, வெளியே பூட்டிவிட்டு ஆபீஸ் போனால் பயமில்லை. அண்ணனின் மனைவி மேரி அக்கா இரண்டு நாள் அழுதார். அண்ணன் ஒரு நாயைப் பிடித்து வந்தார்.

பயிற்சி சயனைடு மேட்டில். தங்கம் எடுத்தபின் மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி எழுந்த குன்று அது. மழை அறுத்த பள்ளங்கள், சீமைக்கருவேல முள், காற்றடித்தால் பறக்கிற வெள்ளை மண். அங்கே நான் தொலைந்துபோக வேண்டும்; என் சாக்ஸை வைத்து மேனேஜர் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பள்ளத்தில் இரண்டு மணி நேரம் குந்தியிருந்தேன். எறும்புகள் மட்டும் கண்டுபிடித்தன. பிறகு போன் வந்தது.

"தம்பி, நீ எங்க கீற?"

"நான் காணாமப் போயிருக்கேண்ணா. அத நீங்கதான் சொல்லணும்."

"நாங்க ஸ்டேஷன்ல கீறோம்."

மேனேஜர் என் வாசனையைப் பிடித்து நேராகக் கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் போய், மூன்றாவது பெட்டி நிற்கும் இடத்தில் உட்கார்ந்துவிட்டதாம். நான் பெங்களூரில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்துபவன். பதினோரு வருடமாக ரயில் ஏறுவது அந்த இடத்தில்தான்.

அடுத்த வாரம் கார்மெண்ட்ஸ் கம்பெனிக்குப் போகிற செல்வி ஒளிந்தாள். மேனேஜர் லேடீஸ் பெட்டி நிற்கும் இடத்தில் உட்கார்ந்தது. அதற்கடுத்த வாரம் ஒரு பேங்க் கிளார்க். அதே பிளாட்பாரம், இன்னும் கொஞ்சம் தள்ளி. பிளாட்பார டீக்கடைக்காரர் ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு பன் கொடுத்தார்.

"அது பன்னுக்குத்தான் போவுது," என்றார் மேரி அக்கா. "உங்களுக்கும் அதுக்கும் ஒரே மூளை."

"இல்ல மேரி. அது கரெக்டாத்தான் கீது. நம்ம ஊர் ஆளுங்கல்லாம் தினம் அங்கதானே காணாமப் போறாங்க?"

கடைசி ஞாயிறு பத்து மணிக்கு மகன் காரில் வந்து இறங்கினார். அப்பா கட்டிலில் இல்லை. ஹெல்மெட்டும் இல்லை. மேரி அக்கா சர்ச்சுக்குப் போயிருந்தார். காவலுக்கு இருந்த அண்ணன், மச்சானிடம் நல்ல பெயர் வாங்குவதற்காகப் பின்பக்கம் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

மாமனாரின் துண்டை எடுத்தவர், இந்த முறை தான் முகர்ந்து காட்டவில்லை. நேராக நாயிடம் நீட்டினார்.

ஈர நாய் மேட்டில் ஏறியது. அண்ணன், மச்சான், நான் பின்னால் ஓடினோம். அது முள்ளுக்குள் புகுந்தது, நாங்களும் புகுந்தோம். மச்சானின் ஷூ ஒன்று வெள்ளைச் சேற்றில் தங்கிவிட்டது. பெரிய பள்ளத்தில் நாய் வாசனையைத் தவறவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தது. அண்ணன் அதட்டவில்லை.

"மேனேஜர், கொஞ்சம் பாருப்பா," என்றார். அவர் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நாய் நேராக வேலி பிய்ந்த ஷாப்டுக்குப் போய் நின்றது. நாங்களும் நின்றோம். மேனேஜர் வேலிக் கம்பத்தை நன்றாக முகர்ந்தது. காலைத் தூக்கி, தன் வேலையை முடித்துக்கொண்டு, மறுபக்கச் சரிவில் இறங்கியது. ஸ்டேஷன் பக்கம்.

"போதும் மாமா!" மச்சான் கத்தினார். "இது டீக்கடைக்குப் போவுது. நான் போலீசுக்குப் போறேன்."

அண்ணன் நாயின் பின்னாலேயே நடந்தார். திட்டிக்கொண்டே மச்சானும் வந்தார்.

டீக்கடைக்காரர் பன்னை எடுத்து நீட்டினார். மேனேஜர் திரும்பிப் பார்க்காமல் அதைத் தாண்டிப் போய், கடைசி பெஞ்சில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவரின் மடியில் தாடையை வைத்தது. அவர் கால்களில் முழங்கால்வரை வெள்ளை மண். வேட்டியில் இருந்தது எங்கள் சட்டையில் இருந்த அதே முள்.

மகன் வருகிறான் என்பது அவர் காதில் விழுந்திருக்கிறது. காரில் வருகிறான் என்பது விழவில்லை.

"இன்னாடா," என்றார், ஒற்றை ஷூவோடு நின்ற மகனைப் பார்த்து. "எத்தினி நேரமா ஒக்காந்துனு கீறேன்? வண்டி லேட்டா?"

மச்சான் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பன்னை அவரே வாங்கி நாய்க்குக் கொடுத்தார்.

மாலையில் மச்சான் காரில் தனியாகத்தான் பெங்களூர் திரும்பினார்.

இப்போது அண்ணன் வீட்டு வாசலில் ஒரு பலகை இருக்கிறது. ஐந்து ஆணிகள், ஐந்து பித்தளை வில்லைகள். மாமனார், மேரி அக்கா, அண்ணன், மேனேஜர். ஐந்தாவது என்னுடையது, காலையில் எடுத்துப் போய், சாயங்காலம் கொண்டுவந்து மாட்ட வேண்டும். ரயில் தாமதமாகிற நாட்களில், மூன்றாவது பெட்டி நிற்கும் இடத்தில் அண்ணனும் நாயும் நிற்கிறார்கள்.