ஜிப்பு நாகமும் பைட் பாபாவும்

ஐதராபாத் அமீர்பேட்டில் அந்த வருஷம் ஜாவா வகுப்புக்கு நின்ற கூட்டத்தைவிட பைட் பாபாவின் வாசலில் நின்ற கூட்டம் பெரிது. எல்லாம் படித்த கூட்டம். இரண்டு பட்டம் வாங்கியவன் எலுமிச்சம்பழத்தோடு நிற்க, மூன்று பட்டம் வாங்கியவன் அவனை இடித்துக்கொண்டு முன்னே போகப் பார்த்தான். வேலை கிடைக்காததற்கு எல்லோருக்கும் பாபா சொன்ன காரணம் ஒன்றேதான்: கம்ப்யூட்டரில் நாகதோஷம்.

நாகத்தைக் கண்ணாலேயே காட்டுவார். சுருக்கி அனுப்புகிற ஜிப் ஃபைல், விண்டோஸ் திரையில் மஞ்சள் உறையாகத் தெரியும். நடுவில் பைக்கு வைத்த ஜிப் போலப் பல் பல்லாக ஒரு கோடு. அதுதான் நாகமாம். அதிர்ஷ்டத்தைச் சுற்றிக்கொண்டு கிடக்கிறதாம். பை தைக்கிறவன் கேட்டால் சிரிப்பான். இவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அதே ஊரில் அல்வால் பக்கம் குடியிருந்த தியாகுவும் போட்டுக்கொண்டார். பகலெல்லாம் ஏவுகணைப் பாகங்களைச் சோதித்துப் பார்க்கிற உத்தியோகம் அவருக்கு. பாபாவைச் சோதிக்க மட்டும் தோன்றவில்லை. மகள் அக்ஷதாவுக்கு வேலை உத்தரவு வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பி அனுப்ப வேண்டிய படிவங்களை கம்பெனி ஒரே ஜிப்பாக அனுப்பியிருந்தது. உத்தரவின் மேலேயே நாகம் உட்கார்ந்திருக்கிறதே என்று தியாகுவுக்குச் சோறு இறங்கவில்லை. "நக்கோப்பா, பாபாவெல்லாம் வேண்டாம், அது வெறும் படம்" என்று மகள் சொன்னது காதில் ஏறவில்லை. பாபாவை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். அக்கம்பக்கமும் திரண்டது.

பாபா திரையை மஞ்சள் பட்டால் மூடினார். எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். ஏதோ முணுமுணுத்தபடி கீபோர்டைத் தட்டினார். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. பட்டை விலக்கினால் மஞ்சள் உறையும் இல்லை, ஜிப்பும் இல்லை. அந்த இடத்தில் வெள்ளைக் காகிதம் போல ஒரு படம். தியாகுவுக்குக் கண் கலங்கியது.

அக்ஷதா அதைத் திறக்கப் பார்த்தாள். எதை வைத்துத் திறப்பது என்று கம்ப்யூட்டர் அவளையே திருப்பிக் கேட்டது. படிவங்கள் உள்ளே மாட்டிக்கொண்டன.

பாபா பதறவில்லை. நாகம் போகிற போக்கில் கொத்திவிட்டதாம். விஷம் இறக்க இன்னொரு பூஜை வேண்டுமாம், தட்சிணை இரட்டிப்பாம். அமீர்பேட் முழுக்க அவர் நடத்திய வியாபாரமே இதுதான். தியாகு பணமெடுக்க பீரோ பக்கம் நடந்தார்.

அவர் மனைவி மங்களம் தடுத்தாள். ஆபீசில் வருஷக்கணக்காக டைப் அடிக்கிறவள். கண்ணை மூடச் சொன்னபோது மூடாத ஒரே ஆள். பாபாவின் விரல் போன எழுத்தெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கீபோர்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மந்திரம் வாயிலதானே இருக்கு சாமி? கையைக் கட்டிக்கிட்டுச் சொல்லுங்க, பாப்போம்."

பாபா சொன்னார். உரக்கச் சொன்னார். வியர்க்க வியர்க்கச் சொன்னார். வெள்ளைக் காகிதம் அசையவில்லை. பெண்வாடை ஆகாது என்றார் கடைசியில்.

"நீங்க அடிச்ச வரியில ஒரு சாய்கோடும் ஒரு யு-வும் இருந்துச்சு" என்றாள் மங்களம். "அதை விட்டுட்டு அடிச்சா என்ன ஆகுதுன்னு பாக்கலாம்."

பட்டு இல்லை, விளக்கு இல்லை. அடித்தாள். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. மஞ்சள் உறை ஜிப்போடு திரும்பி வந்து சமர்த்தாகத் திறந்துகொண்டது. அக்ஷதாவின் படிவங்கள் அத்தனையும் உள்ளே. ஊர் நம்புவதற்காக யு-வைச் சேர்த்து இன்னொரு தடவை அடித்தாள். நாகம் போயிற்று. எடுத்துவிட்டு அடித்தாள். வந்தது. விண்டோஸ் தானாகவே ஜிப்பைத் திறக்கும் வசதியை நிறுத்தவும் கிளப்பவும் ஒரு வரி. அவ்வளவுதான் பாபாவின் தவவலிமை.

வாசலில் மறித்தவர்களிடம் பாபா உண்மையைச் சொன்னார்: "நானும் இங்க கோர்ஸ் படிச்சவன்தான். எனக்கே வேலை கிடைக்கல."

தியாகு தலை நிமிரவில்லை. கொடுத்த தட்சிணையைக்கூடத் திருப்பிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை, மங்களம்தான் வாங்கினாள்.

பாபா கடையைக் கட்டினார். கூட்டம் திருந்தியதா? மறுவாரம் மங்களத்தின் வாசலில் வரிசை நின்றது, கையில் தேங்காயோடு. அம்மா கைராசி பெரிதாம். அவள் தொட்டால் கம்ப்யூட்டர் சுத்தமாகிவிடுமாம்.

மங்களம் கதவைத் திறந்து சொன்னாள்: "தேங்காயைச் சட்னிக்கு வெச்சுக்கோங்க. கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கே, அதை முதல்ல திறந்து பாருங்க."