மூன்றாம் அறையில் பூண்டு

வில்பட்டி மலைக்கும் அதன்மேல் மேயும் மேகங்களுக்கும் சக்கரவர்த்தியான தாய்மாமன் இருளப்பன், பெங்களூரில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கும் மாப்பிள்ளை அருண்பாண்டியனுக்கு எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தை சிவபாக்கியமும் நலம். மாடு நலம். நம் விடுதிக்கு நீ செய்து கொடுத்த புக்கிங் ஆப் மட்டும் நலமில்லை.

இருப்பது இரண்டே அறை. விதைப்பூண்டைக் கட்டுக்கட்டாய்த் தொங்கவிட்டு அடியில் புகை போடுகிற இடத்தையும் மூன்றாம் அறையென்று ஏற்றினாயே, ஏன்டா என்றதற்கு, "சும்மா சோதனைக்கு மாமா, இப்போதைக்கு இருக்கட்டும், அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்றாய். அந்த அப்புறம் இன்னும் மலையடிவாரத்து வத்தலக்குண்டில்கூட பஸ் ஏறவில்லை. எடுத்துவிடு என்றால், அதன் மேல்தான் பில்லை நிறுத்தியிருக்கிறாயாம், பில்லின் மேல் மெசேஜையாம், உருவினால் மொத்தமும் சரியுமாம், இதற்குப் பெயர் டெக்னிக்கல் டெப்ட்டாம், அதாவது தொழில்நுட்பக் கடனாம், பெரிய பெரிய கம்பெனியிலேயே உண்டாம்! கடன் வைத்த மகாராஜா நீ, வட்டி கட்டும் அடிமை நான். உன் யோசனைப்படி தினமும் வெள்ளனே எழுந்து, வேறு யாரும் எடுத்துவிடாமல் அந்த அறையை என் பெயரிலேயே புக் பண்ணுகிறேன். "வருக வருக இருளப்பன் அவர்களே" என்று என் போனே என்னை வரவேற்கிறது. சொந்தப் பூண்டுக்கு விருந்தாளியாய்ப் போனவன் மூவுலகிலும் நான் ஒருவன்தான்.

நேற்று பண்ணைக்காட்டில் கல்யாணம். பந்தி ஜோரில் புக்கிங்கை மறந்தேன். திரும்பினால், கொட்டுகிற மழையில் ஒரு மதுரைக்காரர் குடும்பத்தோடு நிற்கிறார். மற்ற அறைகளில் ஆள் இருக்கு. "ரூம் கன்ஃபார்ம்னு வந்துருச்சுங்க, சாவியக் குடுங்க" என்கிறார். உன் அத்தையோ, "நெருப்ப அணைச்சா வெதப்பூண்டு அழுகிப்போகும். அடுத்த வெள்ளாமைக்கு ஒங்க மருமகனையா ஊனுறது?" என்று கதவை மறித்துவிட்டாள். நெருப்பு அணையவில்லை. மனுஷன் புகைக்குள்ளேயே புகுந்தார். அவர் போட்ட தும்மலில் எதிர்மலைக் கேரட்டெல்லாம் தானாகப் பிடுங்கிக்கொண்டது.

ஏலே, இல்லாத அறையை இல்லையென்று சொல்லத் தெரியாத உனக்கெல்லாம் ஒரு சம்பளம், ஒரு ஏசி ரூம்! வெரசா வந்து எல்லாத்தையும் அடியோட பிரிச்சு ஒழுங்காக் கட்டு. இல்லையென்றால் விதைப்பூண்டோடு மாமன் உறவும் போச்சு.

உன் சோலி சிறக்கவும் புத்தி முளைக்கவும் பூம்பாறை வேலப்பரை வேண்டும்,
மாமன் இருளப்பன்

பி.கு.: இதை மடிப்பதற்குள் மதுரைக்காரர் வெளியே வந்து, "இப்படி ஒரு தூக்கம் தூங்குனதே இல்லீங்க" என்று ஆப்பில் ஐந்து நட்சத்திரமும் போட்டோவும் போட்டுவிட்டார். அதைப் பார்த்து இந்த சீசன் முழுக்கவும் மூன்றாம் அறைக்குத்தான் புக்கிங் அடிதடி. நல்ல அறைகளைச் சீந்த ஆளில்லை. அதனால் உன் அத்தை மூன்றாம் அறையில் விருந்தாளிகளுக்குப் புகையை மட்டும் விட்டுவிட்டு, பூண்டையெல்லாம் காலியான அந்த இரண்டிலும் தொங்கவிட்டுப் புகை போட்டுவிட்டாள். மாப்பிள்ளை, எதையும் தொட்டுவிடாதே. மாட்டுக்கொட்டத்தை நாலாம் அறையாகச் சேர்த்துவிடு. இப்போதைக்குத்தான், அப்புறம் சரி பண்ணிக்கலாம்.